தையலுக்கு அடியில் ஒரு கட்டி: கருத்தடை செய்த பூனைக்குட்டியைப் பார்த்துக்கொள்ளும் முறை

உங்கள் கேள்வியின் சுருக்கம் இது: ஐந்து மாதப் பெண் குட்டி, எடை இரண்டு கிலோ, கருத்தடை அறுவை சிகிச்சை முடிந்து இன்று ஆறாம் நாள். வெளியே தையல் நூல் எதுவும் தெரியவில்லை, காயம் மூடித்தான் இருக்கிறது, ஆனால் அதற்கு நேர் அடியில் கொண்டைக்கடலை அளவில் கெட்டியாக ஏதோ தட்டுப்படுகிறது. காயத்தை நக்காமலிருக்கக் கழுத்தில் மாட்டிய கூம்பைக் குட்டி கழற்றிக் கழற்றி எறிகிறது. மஞ்சளும் தேங்காய் எண்ணெயும் குழைத்துப் போடச் சொல்கிறார் உங்கள் பாட்டி. வலிக்கு அரை பாராசிட்டமால் கொடுக்கலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன்: கொடுக்கக்கூடாது, கால் மாத்திரையும் கூடாது, குழந்தைகளுக்கான சிரப்பும் கூடாது. காரணத்தைப் பின்னால் விளக்குகிறேன். கட்டியைப் பொறுத்தவரை, நீங்கள் விவரித்திருப்பதை வைத்துப் பார்த்தால், உள்ளே போட்ட தையலுக்கு உடல் காட்டும் எதிர்வினையாக அது இருப்பதற்கே வாய்ப்பு மிகுதி. அப்படியானால் எதுவும் செய்யாமலே சில வாரங்களில் கரைந்துவிடும். ஆனால் அதே இடத்தில் வரக்கூடிய வேறு மூன்று வீக்கங்களும் உண்டு, அவற்றில் ஒன்று காத்திருக்க விடாதது என்பதால், எது எது என்று பிரித்தறியக் கற்றுக்கொள்வதுதான் உங்களுக்கு இப்போது முதல் வேலை.

அதற்கு உள்ளே என்ன செய்திருக்கிறார்கள் என்பது தெரிந்திருக்க வேண்டும். வழக்கமாகத் தொப்புளுக்குச் சற்றுக் கீழே வயிற்றின் நடுக்கோட்டில் ஒன்று முதல் மூன்று சென்டிமீட்டர் வரை கீறி, இரத்தக் குழாய்களைக் கட்டி, சினைப்பைகள் இரண்டையும், பல மருத்துவர்கள் கருப்பையையும் சேர்த்து, எடுத்துவிடுகிறார்கள். மூடும்போது வயிற்றுச் சுவர், தோலடிப் படலம், தோல் என்று அடுக்கடுக்காகத் தைக்கிறார்கள். குடலை உள்ளே நிறுத்தி வைப்பது வயிற்றுச் சுவரில் போட்ட தையல்தான்; தோலின் தையல் அழுக்கும் கிருமியும் நுழையாமல் தடுக்கும் மூடி மட்டுமே. தோலை வெளியிலிருந்து நைலான் நூலால் முடிச்சுப் போட்டுத் தைத்திருந்தால் 10 முதல் 14 நாட்களில் பிரிக்க வேண்டும். உங்கள் குட்டிக்குச் செய்திருப்பதுபோல், தானே கரையும் நூலால் தோலுக்கு உட்புறமாகத் தைத்திருந்தால் பிரிப்பதற்கு ஒன்றுமில்லை, குட்டி கடித்து இழுப்பதற்கும் ஒன்றுமில்லை. குட்டிகளுக்குப் பல மருத்துவர்கள் இதையே விரும்புவதற்கு அதுதான் காரணம். கரையும் நூல் என்றதும் ஒரு வாரத்தில் மறைந்துவிடும் என்று நினைக்க வேண்டாம். பரவலாகப் பயன்படும் பாலிகிளாக்டின் நூல் முழுவதும் கரைய 56 முதல் 70 நாட்கள் ஆகும், வேறு சில வகைகளுக்கு இன்னும் கூடுதலான காலம் பிடிக்கும். இரண்டு கிலோக் குட்டியின் வயிற்றில் தோலுக்கு அடியில் கொழுப்பு மெல்லிய படலமாகவே இருப்பதால், உள்ளே இருக்கும் முடிச்சும், அதைச் சுற்றி உடல் திரட்டும் திசுவும் விரலுக்கு எளிதில் தட்டுப்பட்டுவிடும்.

இந்த வகைக் கட்டி பெரும்பாலும் முதல் வாரத்தின் நடுவிலோ இறுதியிலோ தலைகாட்டும். கெட்டியாகவும், தையல் கோட்டின் மேலேயே நீள்வாக்கிலும் இருக்கும். தொட்டால் குட்டிக்கு வலிக்காது. மேல்தோல் சிவக்காது, சுடாது, ஈரமாகாது. நன்றாகத் துள்ளி விளையாடும் குட்டிகளுக்கு இது சற்றுப் பெரிதாகவே வருவதுண்டு, ஏனென்றால் அசைவு கூடக்கூட உள்ளடுக்குகள் ஒன்றோடொன்று உராய்கின்றன. இரண்டு முதல் நான்கு வாரங்களில் படிப்படியாகச் சிறுத்துவிடும். இரண்டாவது வகை நீர்க்கட்டு: தோலுக்கும் அடிப்படலத்துக்கும் இடையே விட்டுப்போன இடத்தில் ஊனீர் சேர்ந்து, அழுத்தினால் தளதளவென்று நகரும் மென்மையான வீக்கமாகத் தெரிவது. இதிலும் வலியும் சூடும் இருக்காது. உடலே மெல்ல உறிஞ்சிக்கொள்ளும். ஊசியால் குத்தி அந்த நீரை எடுத்துவிடலாமே என்று தோன்றினாலும், வெளியே இருக்கும் கிருமியை உள்ளே கொண்டுபோய்ச் சேர்க்கும் வழி அது என்பதால், அளவு மிகப் பெரிதானாலொழிய மருத்துவர்களே அதைத் தவிர்ப்பார்கள். மூன்றாவது சீழ்க்கட்டு. இதில் தோல் சிவந்து, தொட்டால் சுட்டு, குட்டி உடலை உதறிக்கொண்டு நகரும் அல்லது சீறும். நாளுக்கு நாள் பெரிதாகும். மஞ்சளாகவோ பச்சையாகவோ கெட்டியான திரவம் கசியும், நாற்றம் வரும், குட்டி சாப்பாட்டைக் குறைத்துக்கொண்டு ஒரு மூலையில் ஒடுங்கும். இது தெரிந்தால் அன்றைக்கே மருத்துவரிடம் போக வேண்டும்.

நான்காவதுதான் நான் அஞ்சுவது. வயிற்றுச் சுவரில் போட்ட தையல் விட்டுப்போய், தோல் மட்டும் மூடியிருக்க, உள்ளிருக்கும் கொழுப்போ குடலோ இடைவெளி வழியாகத் தோலுக்கு அடியில் வந்து நிற்பது. இந்த வீக்கம் மென்மையாக இருக்கும்; குட்டி மல்லாந்து படுக்கும்போது உள்வாங்கியும், நிற்கும்போதோ மலம் கழிக்க முக்கும்போதோ புடைத்தும் தெரியலாம்; நேற்று இல்லாதது இன்று திடீரென்று தோன்றலாம்; மெல்லத் தடவினால் உள்ளே ஓர் ஓட்டையின் விளிம்பு விரலுக்குப் படலாம். வெளியே காயம் அழகாக மூடியிருப்பதைப் பார்த்து, ‘எல்லாம் சரியாகத்தானே இருக்கிறது’ என்று ஏமாறுவது இங்கேதான் நடக்கும். மாட்டிக்கொண்ட குடலுக்கு இரத்த ஓட்டம் தடைப்பட்டால் சில மணி நேரத்தில் உயிருக்கே ஆபத்து. ஆகவே மென்மையான, அளவு மாறும், திடீரென வந்த வீக்கம் எதுவாயினும், அழுத்திப் பார்த்து ஆராய்ந்துகொண்டிருக்காமல் உடனே கொண்டுபோய்க் காட்டுங்கள். உங்கள் குட்டியின் கட்டி கெட்டியாகவும் வலியில்லாமலும் இருக்கிறது, குட்டி சாப்பிட்டு விளையாடுகிறது என்பதால்தான் முதல் வகை என்று ஊகிக்கிறேன். ஊகத்தை உறுதிசெய்வது அறுவை செய்த மருத்துவரின் கைவிரல்தான். அவரிடம் காட்டும் வரை, நாள்தோறும் ஒரே நேரத்தில், ஒரே வெளிச்சத்தில், பக்கத்தில் ஒரு ரூபாய் நாணயத்தைப் பிடித்துக்கொண்டு படம் எடுத்து வையுங்கள். நேற்றைவிடப் பெரிதா என்ற கேள்விக்கு நினைவை நம்பிப் பதில் சொல்ல முடியாது. கவலையோடு பார்க்கும் கண்ணுக்கு எல்லாமே பெரிதாகத்தான் தெரியும்.

அரிதாக நடப்பதென்றாலும் இதையும் சொல்லியாக வேண்டும்: காயம் முழுதும் பிளந்து உள்ளுறுப்பு வெளியே தெரிந்தால், அதை உள்ளே தள்ள முயலக்கூடாது. சுத்தமான துணியை மருந்துக்கடையில் கிடைக்கும் நார்மல் சலைனில் நனைத்து அதன் மேல் மூடி, குட்டி நக்காதபடி ஒரு துவாலையில் உடலோடு சேர்த்துச் சுற்றி, கிளம்பும்போதே மருத்துவமனைக்குத் தொலைபேசியில் சொல்லிவிட்டுப் போக வேண்டும். சலைன் கையில் இல்லையென்றால் கொதித்து ஆறிய நீரும் அந்த நேரத்துக்கு உதவும். துணி காயவிடக்கூடாது.

அறுவையின் கீறல் முதல் ஓரிரு நாட்களிலேயே மேலே ஒட்டி மூடிக்கொள்ளும். இதைப் பார்த்து ஆறிவிட்டது என்று பலர் முடிவு செய்துவிடுகிறார்கள். முதல் மூன்று முதல் ஐந்து நாட்கள் வரை உடல் அந்த இடத்தைத் துப்புரவு செய்துகொண்டிருக்கிறது. அதுவரை இரு பக்கங்களையும் சேர்த்துப் பிடித்திருப்பது தையல் நூல் மட்டும்தான், திசுவுக்கென்று சொந்த வலு ஏறக்குறைய இல்லை. அதன் பிறகே இணைப்புத் திசு நாரிழைகள் உருவாகி வலு ஏறத் தொடங்குகிறது. மூன்று வாரம் ஆனாலும் பழைய தோலின் வலுவில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்குதான் வந்திருக்கும். சிக்கல் என்னவென்றால், மயக்கமும் வலியும் தெளிந்து குட்டி தன் பழைய குறும்புக்குத் திரும்புவது மூன்றாம் நாளில். காயம் மிக நலிவாக இருக்கும் நாளும், குட்டி அலமாரி உச்சியிலிருந்து குதிக்கத் துடிக்கும் நாளும் ஒன்றாக வந்து அமைகின்றன. ‘குட்டி நன்றாகத்தான் இருக்கிறது’ என்பதை வைத்துக் காவலைத் தளர்த்துவது அதனால்தான் தவறு. 10 முதல் 14 நாட்கள் என்று மருத்துவர் சொன்னால் அது குட்டியின் உற்சாகத்தைப் பார்த்துக் குறைத்துக்கொள்ளக்கூடிய கணக்கு அன்று.

இனி கூம்பு. பூனையின் நாக்கில் பின்னோக்கி வளைந்த, நகம்போன்ற பொருளாலான நுண்முட்கள் வரிசையாக இருக்கின்றன. முடியைச் சீவவும் எலும்பிலிருந்து இறைச்சியைச் சுரண்டவும் அமைந்தவை அவை. அந்த நாக்கு சில நிமிடம் விடாமல் நக்கினால் புதிதாக ஒட்டிய தோல் பிரிந்துவிடும். நக்கினால் புண் ஆறும் என்ற பேச்சு நம்மிடையே வேரூன்றியிருக்கிறது. பூனையின் வாயில் இயல்பாகவே வாழும் பாஸ்டுரெல்லா போன்ற கிருமிகள் காயத்துக்குள் போனால் என்ன ஆகும் என்பதைப் பூனைக்கடி பட்டுக் கை வீங்கியவர்களைக் கேட்டால் சொல்வார்கள். எனவே கூம்பு வேண்டும், இரவும் பகலும் வேண்டும்; நாம் தூங்கும் நேரத்தில்தான் பூனை நிதானமாக உட்கார்ந்து தன் வேலையைத் தொடங்கும். கூம்பை வடிவமைத்தவர் பூனையோடு ஒரு வீட்டில் வாழ்ந்திருக்க மாட்டார் என்று எனக்கு அடிக்கடி தோன்றும், இருந்தாலும் அதைவிட நம்பகமான ஒன்று இதுவரை வரவில்லை.

குட்டி அதைக் கழற்றுகிறது என்றால் பெரும்பாலும் அளவு தவறு. கழுத்துக்கும் பட்டைக்கும் இடையே இரண்டு விரல் நுழைய வேண்டும், மூன்றாவது நுழையக்கூடாது. விளிம்பு மூக்கு நுனியைத் தாண்டி ஓரிரு சென்டிமீட்டராவது நீண்டிருக்க வேண்டும், இல்லையென்றால் உடலை வளைத்து அடிவயிற்றை எட்டிவிடும். கடினமான பிளாஸ்டிக் கூம்பு சிறு குட்டிக்குப் பாரமாக இருந்தால் துணியாலான மெத்தைக் கூம்பை முயலலாம், ஆனால் அது மடங்கி வாய்க்கு வழிவிடுகிறதா என்று அரை மணி நேரம் கூடவே இருந்து பாருங்கள். முதல் மணி நேரம் பின்னோக்கி நடப்பதும், சுவரில் மோதுவதும், சிலைபோல் உறைந்து நிற்பதும் இயல்பு. பாவம் பார்த்துக் கழற்றினால், ‘அழுதால் கழற்றுவார்கள்’ என்பதைக் குட்டி கற்றுக்கொள்ளும். சாப்பாட்டுக் கிண்ணத்தை மாற்றித் தட்டையான தட்டில் வைத்து, ஒரு சிறு பெட்டியின் மேல் உயர்த்திக் கொடுத்தால் கூம்போடே சாப்பிடும். அப்படியும் சாப்பிடவில்லையென்றால் உணவு நேரத்தில் மட்டும் கழற்றி, முடிந்ததும் மாட்டிவிடுங்கள். அந்தப் பத்து நிமிடமும் கண்ணை எடுக்காதீர்கள்.

கூம்பை அறவே ஏற்காத குட்டிக்கு வயிற்றை மூடும் உடுப்பு ஒரு மாற்று. கடையில் கிடைக்கும், அல்லது பழைய பனியனின் கைப்பகுதியை வெட்டி, முன்னங்கால்களுக்கு இரண்டு ஓட்டை போட்டு வீட்டிலேயே செய்துகொள்ளலாம். பின்பக்கம் சிறுநீர் கழிக்கும் இடத்தை மறைக்காமல் இருக்க வேண்டும், நனைந்தால் உடனே மாற்ற வேண்டும், நாளுக்கு இரண்டு முறை அவிழ்த்துக் காயத்தைப் பார்க்க வேண்டும். நம் ஊர் வெயிலிலும் புழுக்கத்திலும் இறுக்கமான துணிக்கு அடியில் ஈரம் தேங்கிப் பிசுபிசுக்கும் காயம் ஆறத் தாமதமாகும். கோடைக்காலமானால் நான் கூம்பையே தேர்ந்தெடுப்பேன். துணியின் மேலேயே நக்கி ஈரமாக்கும் குட்டிகளும் உண்டு, அவற்றுக்கு உடுப்பு பயன்படாது.

காயத்தின் மேல் எதைப் போடுவது என்ற கேள்விக்கு, மருத்துவர் எழுதிக் கொடுத்ததைத் தவிர எதுவும் வேண்டாம் என்பதே பதில். பாட்டியிடம் இப்படிச் சொல்லிப் பாருங்கள்: திறந்த சிராய்ப்புக்கு அவர் அறிந்த வைத்தியம் அது, இதுவோ தைத்து மூடி, மேலே ஒட்டிக்கொண்ட காயம், மருந்து உள்ளே போக வழியே இல்லை, போகவும் கூடாது. அடுக்களை மஞ்சள்தூள் கிருமிநீக்கம் செய்யப்பட்டதன்று. அதன் நிறம் தோலில் ஏறினால் சிவப்பு எது, சீழ் எது என்று மருத்துவருக்கே தெரியாது. எண்ணெய் தூசியைப் பிடித்து வைப்பதோடு, அதன் மணத்துக்கே குட்டி அந்த இடத்தைத் தேடித் தேடி நக்கும். டெட்டால் வகைகள் பூனைக்கு நஞ்சு. அவற்றிலுள்ள பீனால் சார்ந்த பொருட்களைக் கழித்து வெளியேற்றும் திறன் பூனையின் கல்லீரலுக்கு மிகக் குறைவு. ஸ்பிரிட்டும் ஹைட்ரஜன் பெராக்சைடும் கிருமியோடு சேர்த்துப் புதிதாக முளைக்கும் திசுவையும் கொன்றுவிடும். பவுடர் காயத்தின் மேல் பாறையாக இறுகி, அடியில் ஈரத்தைத் தேக்கும். காய்ந்த இரத்தம் ஏதேனும் ஒட்டியிருந்தால், சலைனில் நனைத்துப் பிழிந்த காஸ் துணியால் சுற்றிலும் ஒற்றி எடுங்கள், தேய்க்க வேண்டாம். பஞ்சு வேண்டாம், அதன் இழை ஒட்டிக்கொள்ளும். பொருக்கைப் பிய்க்க வேண்டாம்.

ஈயைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் வெளிநாட்டுக் குறிப்புகளில் இது அநேகமாக இருக்காது. நம் ஊரில் ஈரமான காயத்தில் ஈ முட்டையிட்டால் ஒரு நாளுக்குள் பொரித்துப் புழு வைத்துவிடும். அதற்கு அஞ்சி மாட்டுக்கும் நாய்க்கும் அடிக்கும் ஈ விரட்டும் ஸ்பிரேயை வாங்கி வருகிறார்கள். டர்பன்டைன், கற்பூரம், யூகலிப்டஸ் எண்ணெய் போன்றவை கலந்த அந்த மருந்துகளைப் பூனை நக்கினால் காயத்தைவிடப் பெரிய கேடு நேரும். நக்காமல், நனையாமல் உலர்ந்திருக்கும் மூடிய காயத்துக்கு ஈ வராது. குட்டியை வீட்டுக்குள்ளேயே வைத்து, சன்னல்களுக்கு வலை அடித்தால் போதும். காயத்தில் வெள்ளை நிறத்தில் அரிசிக் குருணைபோல் எதையேனும் கண்டால் நீங்களாக எதுவும் ஊற்றாமல் மருத்துவரிடம் ஓடுங்கள்.

பாராசிட்டமால் ஏன் கூடாது என்பதற்கு வருகிறேன். மனிதக் கல்லீரல் அந்த மருந்தோடு குளுக்குரோனிக் அமிலத்தைச் சேர்த்துத் தீங்கற்றதாக்கி வெளியேற்றுகிறது. பூனைக்கு அந்த வேலையைச் செய்யும் நொதி மிகக் குறைவு. அதனால் மருந்து நச்சுப்பொருளாக மாறி இரத்தச் சிவப்பணுக்களைத் தாக்க, இரத்தம் ஆக்சிஜனைச் சுமக்கும் திறனை இழக்கிறது. ஈறு பழுப்பாகவோ நீலமாகவோ மாறும், முகமும் பாதமும் வீங்கும், மூச்சு வாங்கும். ஒரு கிலோ எடைக்கு 10 மில்லிகிராம் அளவிலேயே நச்சு அறிகுறிகள் பதிவாகியிருக்கின்றன. நீங்கள் கொடுக்க நினைத்த அரை மாத்திரையில் 250 மில்லிகிராம் இருக்கிறது, உங்கள் குட்டியின் எடை இரண்டு கிலோ. கணக்கை நீங்களே போட்டுப் பார்க்கலாம். குரோசின், கால்பால், டோலோ என்று எந்தப் பெயரில் வந்தாலும் அதே மருந்துதான். ஐபுபுரோஃபன், டைக்ளோஃபெனாக் ஆகியவையும் சிறுநீரகத்தைக் கெடுப்பவை. பூனைக்கு மருத்துவர்கள் வழக்கமாகத் தருவது மெலாக்சிகாம் திரவம். அதிலும் பயன் தரும் அளவுக்கும் தீங்கு செய்யும் அளவுக்கும் இடைவெளி மிகச் சிறியது, நாய்களுக்கான திரவம் பூனைக்கானதைவிட மூன்று மடங்கு அடர்த்தி கொண்டது. வீட்டில் நாய்க்கு வாங்கிய பாட்டில் இருந்தால் அதைத் தொட வேண்டாம். தவறுதலாக ஏற்கெனவே பாராசிட்டமால் கொடுத்துவிட்ட எவரேனும் இதைப் படித்தால், அறிகுறி வருகிறதா என்று பார்த்துக்கொண்டிருக்காமல் இப்போதே கிளம்ப வேண்டும். முறிமருந்து உண்டு, அது நேரத்தோடு கொடுத்தால்தான் வேலை செய்யும்.

ஆறாம் நாளில் வலி மருந்து தேவைப்படுகிறது என்று தோன்றினால் அதுவே காட்ட வேண்டிய ஓர் அறிகுறி. பூனை வலியை மறைக்கும் விலங்கு. கத்துவதை எதிர்பார்க்காதீர்கள், முகத்தைப் பாருங்கள். 2019-இல் மாண்ட்ரியால் பல்கலைக்கழகத்தின் கால்நடை மருத்துவ ஆய்வாளர்கள் வெளியிட்ட பூனை முக வலி அளவுகோல், காதுகள் பக்கவாட்டில் திரும்பித் தட்டையாவது, கண்கள் பாதி மூடி இடுங்குவது, மூக்கும் வாயும் சேர்ந்த பகுதி இறுகுவது, மீசை விறைத்து நேராக நீள்வது, தலை தோள் மட்டத்துக்குக் கீழே தாழ்வது என்னும் ஐந்தையும் கவனிக்கச் சொல்கிறது. குட்டி விழித்து அமைதியாக இருக்கும்போது பார்க்க வேண்டும். தூங்கும்போதும் சாப்பிடும்போதும் பார்த்தால் தவறாகப் படும்.

ஆன்டிபயாட்டிக் எல்லாக் குட்டிகளுக்கும் தேவையில்லை. சுத்தமாகச் செய்த அறுவைக்குப் பல மருத்துவர்கள் கொடுப்பதில்லை, அதைக் கேட்டு வாங்கவும் வேண்டாம். கொடுத்திருந்தால் சொன்ன நாள் வரை கொடுங்கள். மாத்திரையை வெறும் வாயில் போட்டு விழுங்க வைத்தால் பூனையின் உணவுக்குழாயிலேயே அது தங்கிவிடும். குறிப்பாக டாக்சிசைக்ளின் அங்கே தங்கிப் புண்ணாக்கி, பின்னாளில் குழாயையே சுருக்கிவிடும். மாத்திரைக்குப் பின் ஊசியில்லாத சிரிஞ்சில் ஐந்தாறு மில்லிலிட்டர் தண்ணீரை வாயின் ஓரத்தில் மெல்லச் செலுத்துங்கள், அல்லது கையோடு கொஞ்சம் உணவு கொடுத்துவிடுங்கள்.

ஓடாமல் குதிக்காமல் வைப்பதற்கு ஒரே வழி இடத்தைச் சுருக்குவதுதான். ஏறுவதற்குக் கட்டிலும் அலமாரியும் இல்லாத சிறிய அறை, அல்லது மருத்துவரிடமோ நண்பரிடமோ இரவல் வாங்கிய பெரிய கூண்டு. தரை மொசைக்கோ கிரானைட்டோ என்றால் முடி மழித்த வயிறு அதில் படாதபடி மடித்த போர்வை ஒன்று. லேசர் விளக்கும் இறகுக் குச்சியும் கொஞ்ச நாள் பரணில் இருக்கட்டும். உணவை ஒளித்து வைத்துத் தேட விடுவது குதிக்காமல் ஆடும் ஆட்டம். மலமும் சிறுநீரும் கழிக்கும் மண் தட்டில் தூசி மணலுக்குப் பதிலாகக் கிழித்த செய்தித்தாளைப் போடுங்கள். ஈரத்தில் உருண்டையாகும் மணல் காயத்தில் அப்பிக்கொள்ளும். குட்டி தாளை ஏற்காமல் அடக்கிக்கொண்டால், பழைய மணலில் ஒரு பிடியை மேலே தூவினால் வாசனை பிடித்துப் போகும். வீட்டில் வேறு பூனைகள் இருந்தால், மருத்துவமனை வாடையோடு திரும்பிய குட்டியைப் பார்த்து அவை சீறலாம். சில நாள் பிரித்து வைப்பது இருதரப்புக்கும் நல்லது. கருத்தடை செய்யாத ஆண் இருந்தால் கட்டாயம் பிரியுங்கள். பருவத்தில் இருக்கும்போது அறுவை செய்யப்பட்ட பெண்ணிடம் அந்த மணம் சில நாட்கள் தங்கியிருக்கும். ஆண் மேலே ஏறினால் உள்காயத்துக்கு ஆபத்து.

உணவில் மாற்றம் தேவையில்லை. வழக்கமான குட்டி உணவு, அல்லது முள் எடுத்த வேகவைத்த மீன், எலும்பில்லாத கோழி. உப்பு, வெங்காயம், பூண்டு சேர்க்காமல். வெங்காயம் பூனையின் சிவப்பணுவைச் சிதைப்பது, குழம்பிலிருந்து எடுத்துக் கழுவிய துண்டும் ஆகாது. பால் வயிற்றைக் கெடுக்கும். சிறுநீர் ஒரு நாளுக்குள் போயிருக்க வேண்டும்; மலம் இரண்டு மூன்று நாள் தாமதித்தால் கவலையில்லை. குட்டி ஒரு நாள் முழுதும் எதையும் தொடவில்லை என்றால் மறுநாள் வரை பொறுக்க வேண்டாம். ஈறு வெளுத்துப் போவது, தூங்கும்போது மூச்சு நிமிடத்துக்கு 30-க்கு மேல் தொடர்ந்து ஓடுவது, உடல் வெப்பம் 103 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தாண்டுவது, மீண்டும் மீண்டும் வாந்தி, காயத்திலிருந்து சொட்டுச் சொட்டாக இரத்தம் ஆகிய எதுவும் இரவென்றும் பாராமல் கிளம்ப வேண்டிய நிலை. முதல் நாளில் ஓரிரு துளி இளஞ்சிவப்பு நீர் கசிவதும், சுற்றிலும் இலேசாகக் கன்றியிருப்பதும் இதில் சேராது.

தெருக்குட்டிகளுக்குச் செய்யும்போது சில மருத்துவர்கள் வயிற்றின் நடுவில் கீறாமல் விலாவுக்குப் பின்னால் பக்கவாட்டில் கீறுவார்கள். அங்கே தசை அடுக்குகள் ஒன்றின் மேல் ஒன்று மூடுவதால் உள்ளுறுப்பு வெளியே வரும் ஆபத்து குறைவு. குட்டியைப் பிடிக்காமல் தொலைவிலிருந்தே காயத்தைப் பார்க்கவும் முடியும். அந்த முறையில் செய்த குட்டியை வைத்திருப்பவர்களுக்கும் மேலே சொன்ன அனைத்தும் பொருந்தும். கருத்தடை செய்ததன் அடையாளமாகக் காது நுனியை வெட்டியிருந்தால் அதற்குத் தனியாக மருந்து எதுவும் தேவையில்லை. சயாமீஸ் வகைக் குட்டிக்கு மழித்த இடத்தில் முடி கருமையாக வளர்ந்தால் பயப்பட வேண்டாம்: அந்த இனத்தில் நிறமியை உண்டாக்கும் நொதி குளிர்ச்சியில்தான் வேலை செய்யும், முடியில்லாத தோல் சற்றுக் குளிர்ந்திருந்ததன் விளைவு அது, அடுத்த முறை முடி உதிர்ந்து வளரும்போது பெரும்பாலும் பழைய நிறம் திரும்பும்.

பதினான்காம் நாள் வரை குளிப்பாட்ட வேண்டாம், உண்ணிப் பவுடரும் வேண்டாம். அன்று மருத்துவர் கை வைத்துப் பார்த்துச் சரி என்ற பிறகு கூம்பைக் கழற்றலாம். கழற்றிய முதல் நாள் குட்டி அந்த இடத்தையே விடாமல் நக்கினால் இன்னும் இரண்டு மூன்று நாள் மாட்டி வையுங்கள். கட்டி நான்கு வாரம் கடந்தும் சிறுக்கவில்லையென்றாலோ, அதன் மேல் தோல் மெலிந்து நூல் முனை வெளியே நீட்டினாலோ மறுபடியும் காட்டுங்கள். நூலை நீங்கள் இழுக்க வேண்டாம். இதன் பிறகு கவனிக்க வேண்டியது எடை. சினைப்பை நீங்கிய பூனைக்குத் தேவைப்படும் ஆற்றல் ஏறத்தாழ கால் பங்கு குறையும், பசியோ கூடும். உங்கள் குட்டி இன்னும் வளரும் வயதில் இருப்பதால் குட்டி உணவையே ஒரு வயது வரை தொடருங்கள். ஆனால் கிண்ணத்தை நிரப்பி வைத்துவிட்டுப் போகாமல், வேளைக்கு அளந்து வைத்து, மாதம் ஒரு முறை எடை பார்த்து அளவைக் கூட்டவோ குறைக்கவோ செய்யுங்கள்.